கலாத்தியா இலை ஓரம் கருகுவது நோயா?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் நிழல்வலை போட்டு கலாத்தியா, டிரசீனா, ஸ்பைடர் செடி, மணி பிளான்ட் எல்லாம் தொட்டியில் வளர்த்து விற்கிறேன் அய்யா. மார்கழி பிறந்ததிலிருந்து கலாத்தியாவில் இலை ஓரம் காய்கிறது. டிரசீனாவுக்கும் ஸ்பைடருக்கும் நுனி கருகுகிறது. மணி பிளான்டுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. கடையில் பூஞ்சாணம் என்று சொல்லி மருந்து கொடுத்தார்கள். மூன்று தடவை அடித்தும் நிற்கவில்லை. ஊற்றுவது போர்வெல் தண்ணீர். ஆர்.ஓ. மிஷினில் வெளியே போகிற தண்ணீரையும் வீணாக்காமல் ஊற்றுகிறேன். வேறு என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்: ஒன்றும் அடிக்க வேண்டாம் அம்மா. நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். காய்தல் நுனியில் தொடங்கி ஓரத்தோடு ஓடியிருக்கிறது. காய்ந்த பகுதிக்கும் பச்சைக்கும் நடுவே நூல் மாதிரி ஒரு மஞ்சள் கோடு. பூஞ்சாணமாக இருந்தால் இலை நடுவிலும் வட்டப் புள்ளி விழும், சுற்றி மஞ்சள் வளையம் தெரியும். அப்படி ஒன்றுகூட இல்லை.

மணி பிளான்ட் தப்பித்தது என்று எழுதினீர்களே, விஷயமே அதில்தான் இருக்கிறது. கலாத்தியா, டிரசீனா, ஸ்பைடர் மூன்றும் ஃபுளோரைடு என்கிற உப்பைத் தாங்காத செடிகள். உங்கள் பாலக்காட்டுச் சித்தூர் வட்டாரத்தில் பல போர்வெல்களில் ஃபுளோரைடு அதிகம். மனிதர் குடிக்க லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் வரை அனுமதி உண்டு. இந்தச் செடிகளின் நுனி கருக அதில் பாதி இருந்தாலே போதும்.

மழைக்காலத்தில் தெரியாதது மார்கழியில் ஏன் தெரிகிறது? வேர் உறிஞ்சும் தண்ணீரோடு ஃபுளோரைடும் மேலே ஏறுகிறது. தண்ணீர் இலை வழியே ஆவியாகிவிடும், ஃபுளோரைடு நுனியிலும் ஓரத்திலும் தங்கிவிடும். பாலக்காட்டுக் கணவாயில் வீசும் வறண்ட கீழைக்காற்று இலையிலிருந்து தண்ணீரை இழுக்க இழுக்க அது இன்னும் வேகமாகச் சேரும். காற்றும் தண்ணீரும் கூட்டுச் சேர்ந்து செய்கிற வேலை இது.

ஆர்.ஓ. கழிவுநீரை இன்றோடு நிறுத்துங்கள். மிஷின் பிரித்தெடுத்த உப்பு மொத்தமும் அதில்தான் இருக்கிறது. நானும் சிக்கனம் என்று நினைத்து ஒரு டிரசீனாவை இப்படித்தான் மொட்டையாக்கினேன்! வாளியில் ஒரு ராத்திரி வைத்து ஊற்றினால் குளோரின் போகும், ஃபுளோரைடு போகாது. கொதிக்க வைத்தால் இன்னும் செறிவாகும்.

மழைநீர்தான் மருந்து. 1000 சதுர அடி கூரையில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்குக் குறையாமல் விழும். சிதறியது போக 700 லிட்டராவது பிடிக்கலாம். அதுவரை ஆர்.ஓ.வின் நல்ல தண்ணீரை இந்த மூன்று வகைக்கு மட்டும் கொடுங்கள், மணி பிளான்டுக்கு போர்வெல்லே போதும். முதல் முறை ஊற்றும்போது தொட்டி கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு தண்ணீரை மெதுவாக விட்டு, அடியில் முழுக்க வடியவிடுங்கள். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும்.

சூப்பர் பாஸ்பேட் போடுகிறீர்களா? அதிலும் ஃபுளோரைடு உண்டு, தவிர்த்துவிடுங்கள். தொட்டிக்குப் புது மண்கலவை போடும்போது 10 லிட்டர் கலவைக்கு 20 கிராம் டோலமைட் (ஒரு வகைச் சுண்ணாம்புக்கல் தூள்) கலந்தால் ஃபுளோரைடு வேருக்கு எளிதில் கிடைக்காது. பொள்ளாச்சிப் பக்கம் தென்னைநார்க் கழிவு வாங்கினால் கழுவியதா என்று கேளுங்கள். கழுவாததில் இருக்கும் உப்பும் இதே மாதிரிக் கருக்கும்.

காற்றுக்கு, கிழக்குப் பக்க வலையை இரண்டு அடுக்காக்கி, பகலில் சணல் சாக்கை நனைத்துத் தொங்கவிடுங்கள். தொட்டிகளை நெருக்கி வையுங்கள். போர்வெல் தண்ணீரை இலையில் தெளிக்காதீர்கள், வெள்ளைக் கறை படியும்.

இந்த வறட்சியில் செஞ்சிலந்திப் பேனும் வரும். வெள்ளைத் தாளை இலைக்கு அடியில் பிடித்துத் தட்டுங்கள். விழுந்த தூள் நகர்ந்தால் பேன். இலையின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவி, சாயங்காலம் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு அடிக்கலாம்.

கருகிய ஓரம் திரும்பப் பச்சையாகாது. கத்தரியால் இலையின் வடிவத்திலேயே நறுக்குங்கள், பழுப்பில் ஒரு நூல் விட்டு. பச்சையைத் தொட்டால் அங்கே மறுபடி காயும். இனி விரிகிற குருத்தைப் பாருங்கள். சுத்தமாக இரண்டு இலை விரிந்த பிறகு விற்பனைக்கு வைக்கலாம்.