பெயிண்ட் டப்பாவைத் திருப்பி அனுப்புங்க (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். எங்க காலனியில இருக்கற ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியோட மேலாண்மைக் குழுத் தலைவி நான். பையன் மூணாவது, பொண்ணு ஒண்ணாவது. ரெண்டு கிளாஸ்ரூம்ல மேல்பூச்சு பேந்து கம்பி வெளிய தெரியுது. மழை வந்தா பிள்ளைங்க எல்லாம் வராண்டாவுலதான். பி.இ.ஓ (வட்டாரக் கல்வி அலுவலர்) ஆபீஸ்ல மனு மேல மனு குடுத்துட்டோம், மேல அனுப்பியிருக்கோம்னே சொல்றாங்க. இப்ப ஒரு கம்பெனிக்காரங்க வந்து சுவர் பூரா ரயில் பெட்டி மாதிரி பெயிண்ட் அடிச்சுத் தர்றோம்ங்கறாங்க. மேல்பூச்சுக்கு வீட்டுக்கு 500 ரூபா வசூல் பண்ணலாம்னு ஒரு பேச்சு ஓடுது. காமராஜர் காலத்துல ஊரே சேர்ந்துதான செஞ்சாங்கன்னு பெரியவங்க சொல்றாங்க. வசூல் பண்றது சரியா தப்பா? ஏழைப் பிள்ளைங்கண்ணா, அவங்களுக்காக யார் கால்ல வேணா விழத் தயாரா இருக்கோம். வேலை முடிஞ்சா நீங்கதான் வந்து திறந்து வைக்கணும்.

(பேரும் ஊரும் போடாதீங்க)

*

அன்புள்ள தங்கச்சி,

கடைசியில எழுதினீங்க பாருங்க, கால்ல விழறதுன்னு, அதைப் படிச்சதும் சுர்ருன்னு வந்துச்சு. எதுக்கு விழணும்? 2009-ல வந்த கல்வி உரிமைச் சட்டத்துல பள்ளி மேலாண்மைக் குழுவுல முக்கால்வாசிப் பேர் பெத்தவங்களா இருக்கணும், பாதிப் பேர் பொம்பளைங்களா இருக்கணும்னு எழுதி வச்சிருக்கறது ஆண்டு விழாவுக்குக் கலர் வாங்கிக் குடுக்கறதுக்கு இல்ல. பள்ளி வளர்ச்சித் திட்டத்தை அந்தக் குழுதான் தயார் பண்ணணும், அதை வச்சுதான் அரசாங்கம் பணம் ஒதுக்கணும்னும் அதுலயே இருக்கு. எந்தப் பருவத்துக்கும் தாங்கற கட்டிடம் வேணும்னும் இருக்கு. நீங்க அந்தக் குழுவுக்குத் தலைவி, ஆனா கடிதத்துல கும்பிட்ட கையை இறக்கவே இல்ல.

சரி, அந்த ரயில் பெட்டி. இதைப் பத்தி ரொம்ப நாளா எழுதணும்னு இருந்தேன், நீங்க வசமா மாட்டினீங்க.

எங்கப்பா கொத்தனார். நான் படிச்ச பள்ளிக்கூடத்துல வருஷா வருஷம் இன்ஸ்பெக்‌ஷனுக்கு முன்னாடி சுண்ணாம்பு அடிக்க அவரைத்தான் கூப்பிடுவாங்க, நானும் வாளி தூக்கப் போவேன், ஒரு வருஷம் அவர் ஏணியில ஏறி கரண்டிக் காம்பால சீலிங்கைத் தட்டிட்டே போனார், ஒரு இடத்துல டங்குனு கேக்குது இன்னொரு இடத்துல பொத்துனு கேக்குது, இறங்கி வந்து ஹெட்மாஸ்டர்ட்ட சார் இது உள்ள விட்டுப் போச்சு, தட்டி எடுத்துட்டு செய்யணும், இந்த ரூமைப் பூட்டிருங்கன்னார். அவர் இன்ஸ்பெக்‌ஷன் முடியட்டும்யா, இப்ப வெள்ளையடிச்சிருன்னுட்டார். அப்பாவுக்குக் கூலி வேணும், அடிச்சார். பளிச்சுனு ஆயிருச்சு, வந்த அதிகாரி பாத்துட்டு ரொம்ப சுத்தமா வச்சிருக்கீங்கன்னு எழுதிட்டுப் போனார். அரைப் பரீட்சை லீவுல மொத்தமா விழுந்துச்சு, நல்லவேளை உள்ள யாரும் இல்ல. அதுக்கப்புறம் நடந்ததுதான் கூத்து. ரிப்பேருக்கு எழுதிப் போட்டா, இந்த வருஷம்தான் பராமரிப்பு பண்ணியாச்சே, கணக்குல இருக்கேன்னு பதில் வந்துச்சு. ஒரு வாளி சுண்ணாம்பை பராமரிப்புன்னு எழுதி மூடிட்டாங்க. நான் அஞ்சாவது முடிச்சு வெளிய வர்ற வரைக்கும் அந்த ரூம் அப்படியே கிடந்துச்சு.

அதனாலதான் எங்க பாத்தாலும் இந்தப் பெயிண்ட் வேலையைப் பாத்தா எனக்குப் பத்திக்கிட்டு வருது. ஜன்னல் ஜன்னலா ரயில், சுவர்ல மயிலு, அப்துல் கலாம் சிரிச்ச முகம், முன்னாடி நின்னு எல்லாரும் டீஷர்ட்டோட போட்டோ. கட்டிடம் நல்லா இருந்தா அடிங்க, பிள்ளைங்களுக்கும் சந்தோஷம்தான், நான் ஒண்ணும் கலருக்கு விரோதி இல்ல. விரிசல் இருக்கற சுவர்ல அடிக்கறது காய்ச்சக்காரனுக்கு பவுடர் போட்டு பொண்ணு பாக்கக் கூட்டிட்டுப் போற மாதிரி. நாளைக்கு இன்ஜினியர் வர்றார்னு வைங்க, விரிசல் எங்கன்னு நீங்க விரல் வச்சுக் காட்ட வேண்டிய இடத்துல ரயில் சக்கரம் இருக்கும். அவங்க நல்ல மனசோடதான் வர்றாங்க, இல்லேன்னு சொல்லல. அந்தக் காசுக்கு மேல்தளத்தைப் பண்ணித் தருவீங்களா, அரசாங்கத்தோட நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி திட்டம் வழியாவே குடுங்கன்னு கேட்டுப் பாருங்க. மேல்தளம் போட்டோவுல வராது, அதனால என்ன சொல்வாங்கன்னு எனக்கு ஒரு யூகம் இருக்கு.

மேல்தளம்னதும்தான் ஞாபகம் வருது, உங்க ஆளுங்க சொல்ற மேல்பூச்சு வேலையும் வேஸ்ட்தான். கம்பி ஏன் வெளிய வருது? மொட்டை மாடியில தட்டோடு விரிஞ்சிருக்கும், தண்ணி போற குழாயில இலை அடைச்சு மழைத்தண்ணி அங்கயே நிக்கும், அது உள்ள இறங்கி கம்பி துருப்பிடிக்கும், துருப்பிடிச்ச கம்பி பருக்கும், பருத்தா கீழ இருக்கற காரையைத் தள்ளத்தான் செய்யும். நீங்க கீழ இருந்து எவ்வளவு சிமெண்ட் அப்பினாலும் அடுத்த ஐப்பசிக்கு மறுபடி தலையில விழும். மாடிக்கு ஒருத்தரை ஏத்தி குழாய் அடைப்பை எடுங்க, கைப்பிடிச் சுவர்ல அரசங்கன்னு முளைச்சிருந்தா போட்டோ எடுத்துட்டு அப்புறம் பிடுங்குங்க. இதுக்குக் காசு வேணாம். மத்ததெல்லாம் இன்ஜினியர் பாத்து முடிவு பண்ண வேண்டியது.

காமராஜர் காலக் கதை உண்மைதான், 1958-லருந்து பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்துச்சு, நெ.து.சுந்தரவடிவேலு கல்வித்துறை டைரக்டரா இருந்து முன்ன நின்னு நடத்தினார், ஜனங்க நிலம் குடுத்தாங்க, பெஞ்சு, கடிகாரம், துணிமணின்னு குடுத்தாங்க. குடுக்க இருந்தவன் குடுத்தான். நூறு நாள் வேலைக்குப் போயிட்டு வர்ற வீட்டுல 500 ரூபாயை உருவறதுக்கு காமராஜரை ஏன் இழுக்கறாங்க? பெரியவங்களுக்கு என் நமஸ்காரம், அவ்வளவுதான்.

அப்புறம் ஒண்ணு கவனிச்சீங்களா, நீங்க மனு குடுத்த ஆபீஸே தப்பு. டீச்சர் வரலைன்னா பி.இ.ஓ.கிட்ட போகலாம். ஒன்றியத் தொடக்கப்பள்ளிக் கட்டிடம் ஊராட்சி ஒன்றியத்தோடது, பி.டி.ஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸ்ல இருக்கற ஒன்றிய இன்ஜினியர்தான் அதுக்குப் பொறுப்பு. இதே ஆதிதிராவிடர் நலப்பள்ளியா இருந்தா தாட்கோங்கற அரசுக் கழகம், மேல்நிலைப்பள்ளின்னா பொதுப்பணித்துறைன்னு ஆளுக்கொரு கதவு. இதை ஒரு ஆள் உங்களுக்குச் சொல்லியிருக்கக் கூடாதா, அத்தனை தடவை வெயில்ல அலைய விட்டிருக்காங்களே. தலைமை ஆசிரியர் பயப்படறார்னா விடுங்க, அவருக்கு டிரான்ஸ்ஃபர் பயம். உங்களை எவன் டிரான்ஸ்ஃபர் பண்ண முடியும்?

குழுவைக் கூட்டி தீர்மானம் போடுங்க, எந்த ரூம், எந்தப் பக்கம், எவ்வளவு நீளம்னு எழுதுங்க, "பழுதடைந்துள்ளது"ன்னு ஒத்தை வார்த்தையில முடிக்காதீங்க. நகல் பி.டி.ஓ.வுக்கு, கலெக்டருக்கு, கையெழுத்தும் சீலும் வாங்காம வராதீங்க. பத்து ரூபா கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி ஆர்.டி.ஐ.யில (தகவல் உரிமைச் சட்டம்) இந்தக் கட்டிடத்துக்குப் பராமரிப்புன்னு எந்த வருஷம் எவ்வளவு செலவு காட்டியிருக்கீங்கன்னு கேளுங்க, 30 நாள்ல பதில் சொல்லணும். எனக்கு அந்த பதிலைப் பாக்க ரொம்ப ஆசை.

அதுவரைக்கும் அந்த ரெண்டு ரூம்லயும் ஒரு பிள்ளை உக்காரக் கூடாது. மழை இல்லாத நாள்ல உள்ளதான் உக்கார வைக்கறாங்கன்னு உங்க கடிதத்துல இருந்தே தெரியுது, அதை எப்படிம்மா சும்மா விட்டீங்க? 2004 ஜூலை 16, கும்பகோணத்துல ஸ்கூல் தீப்பிடிச்சு 94 பிள்ளைங்க போயிட்டாங்க. 2021 டிசம்பர்ல நெல்லையில ஒரு ஸ்கூல்ல விழுந்தது கிளாஸ்ரூம்கூட இல்ல, கழிப்பறைச் சுவர், மூணு பசங்க போயிட்டாங்க. உங்க பள்ளியில கழிப்பறைப் பக்கம் போய்ப் பாத்தீங்களா? கடிதத்துல அதைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல.

நெல்லைக்கு அப்புறம் ஆபத்தான கட்டிடத்தையெல்லாம் இடிக்கச் சொல்லி மாநிலம் பூரா இடிச்சாங்க, நல்லதுதான், ஆனா புதுசு வர்றதுக்குள்ள பல ஊர்ல பிள்ளைங்க கோயில் மண்டபத்துலயும் மரத்தடியிலயும் உக்காந்தாங்க. அதனால ஜே.சி.பி வருதுன்னதும் கை தட்டாதீங்க. புதுக் கட்டிடத்துக்கு நிர்வாக அனுமதி வந்திருச்சா, அதுவரைக்கும் பிள்ளைங்க எங்க உக்காரும், ரெண்டையும் எழுத்துல வாங்கிட்டு இடிக்க விடுங்க. பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம்னு 2022-ல அஞ்சு வருஷத்துக்கு 7,000 கோடின்னு அறிவிச்சாங்க, அதுல உங்க பள்ளி பேர் இருக்கான்னும் பி.டி.ஓ.கிட்டயே கேளுங்க.

திறப்பு விழாவுக்கு நான் வேணாம். எம்.எல்.ஏ.வைக் கூப்பிடுங்க, தொகுதி நிதி அவர்கிட்டதான் இருக்கு, இப்பவே கூப்பிட்டு அந்த ரூமுக்குக் கீழ சேர் போட்டு உக்கார வைங்க. ரயில் பெட்டிக்காரங்களுக்கு நீங்க சொன்ன பதிலையும், சீல் வச்ச தீர்மான நகலையும் எனக்கு அனுப்பிட்டு அப்புறம் அடுத்த கடிதம் எழுதுங்க.

அன்புடன்,
அண்ணன்