கபாலத்துக்குப் பதில் என்ன?

கேள்வி: கல்லூரி விழாவுக்கு 'மத்தவிலாசப் பிரகசன'த்தை இந்தக் காலத்துக் கதையாக மாற்றிப் போடுகிறோம். அதில் தொலையும் கபாலத்துக்கு (மண்டையோட்டுக்கு)ப் பதில் செல்போன் தொலைவதாக மாணவர்கள் எழுதியிருக்கிறார்கள். சரியாக வருமா? யார் மனமாவது புண்படுமோ என்றும் பயம்.
- ஒரு பேராசிரியை, காஞ்சிபுரம்

பதில்: காஞ்சியிலேயே போடுகிறீர்கள் என்பதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். மகேந்திரவர்ம பல்லவன் 7ஆம் நூற்றாண்டில் எழுதிய இந்த நகைச்சுவை நாடகம் நடப்பதே உங்கள் ஊர்த் தெருவில்தான்.

செல்போன் வேண்டாம். இன்னொரு போனிலிருந்து கூப்பிட்டால் மணி அடிக்கும், கதை அங்கேயே முடிந்துவிடும். மண்டையோடு ஏந்தும் சைவத் துறவியான காபாலிகன் சத்தியசோமனுக்குப் பிச்சைப் பாத்திரமும் அந்தக் கபாலம்தான், விரதத்தின் அடையாளமும் அதுதான். உள்ளே வறுத்த இறைச்சி இருந்ததால் நாய் தூக்கிப் போயிருக்கிறது. அது தெரியாமல், ஆடைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வரும் புத்த பிக்கு நாகசேனனைப் பிடித்துக்கொள்கிறான். பிக்கு தன் பாத்திரத்தை எடுத்துக் காட்டினாலும், 'நிறத்தை மாற்றிவிட்டாய்' என்று சாதிக்கிறான். ஆக, இருவரிடமும் ஏறக்குறைய ஒரே மாதிரிப் பொருள் இருந்தால்தான் சண்டை சூடு பிடிக்கும். எவர்சில்வர் டிபன் பாக்ஸ் வைத்துப் பாருங்கள். மூடியில் பேர் வெட்டியிருக்குமே! 'என் பேரை அழித்துவிட்டு உன் பேரை வெட்டிக்கொண்டாய்' என்று கத்தட்டும். உள்ளே சிக்கன் வறுவல். நாய்க்கும் காரணம் கிடைத்துவிடும்.

நடிகர் மட்டும் அந்த டப்பாவுக்காக உண்மையிலேயே தவிக்க வேண்டும். சபையைப் பார்த்துக் கண்ணடித்தால் போச்சு. நாகசேனனையே எடுத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு வசதி தந்த புத்தர் பெண்ணையும் மதுவையும் மட்டும் விலக்கியிருப்பாரா, பொறாமை பிடித்த கிழவர்கள்தான் ஏட்டிலிருந்து அதை நீக்கியிருப்பார்கள் என்று மனதார நம்புகிறான் அவன். அந்த நம்பிக்கையில்தான் சிரிப்பு இருக்கிறது.

மூலத்தில் சத்தியசோமன் பேசுவது சமஸ்கிருதம், அவன் துணைவி தேவசோமா பேசுவது பிராகிருதம். அவனுக்குச் செந்தமிழும் அவளுக்கு உங்கள் ஊர்ப் பேச்சும் கொடுங்கள்.

புண்படுமா என்றால், ஒரு பக்கத்தை மட்டும் கேலி செய்தால் புண்படும். மகேந்திரவர்மன் சைவர், பௌத்தர் இருவரையும் வாரினான். நீதிமன்றம் போகலாம் என்ற பேச்சு வந்ததும், புத்த விகாரைகளின் பணத்தால் அந்தப் பிக்கு நீதிபதிகள் வாயை அடைத்துவிடுவான், நம்மிடம் என்ன இருக்கிறது என்கிறாள் தேவசோமா. ஓர் அரசன் தன் தலைநகரைப் பற்றியே எழுதியது இது! நேரம் போதவில்லை என்று அந்த வசனத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

அப்புறம், நாயை மேடை ஏற்ற வேண்டாம். கடைசியில் நாயிடமிருந்து பிடுங்கிய டப்பாவோடு பித்தன் ஓடிவரும்போது உள்ளேயிருந்து குரைப்புச் சத்தம் கேட்டால் போதும்.