தீவு மூழ்கினால் கடல் யாருடையது? வாசகர் கேள்விகள்

கடல் மட்டமும் சட்டமும் பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் சில. "மாலத்தீவு எப்போ சார் மூழ்கும்?" என்று ஒற்றை வரியில் கேட்டவர்களுக்கு: நான் சட்டக்காரன், ஜோசியக்காரன் இல்லை. கச்சத்தீவுக் கடிதங்களைத் தனியே கட்டி வைத்துவிட்டேன். அது வேறு பஞ்சாயத்து.

மாண்டவீடியோ உடன்படிக்கைப்படி ஒரு நாட்டுக்கு மக்கள், நிலம், அரசு, பிற நாடுகளோடு உறவு வைக்கும் திறன் ஆகிய நான்கும் வேண்டும். நிலம் மூழ்கிவிட்டால் நாடு தானாகவே ரத்துதானே? – சட்டக் கல்லூரி மாணவர், கோவை

இல்லை தம்பி. 1933இல் எழுதிய அந்த நான்கும் ஒரு நாடு பிறப்பதற்கான தகுதிகள். பிறந்த நாடு எப்போது இல்லாமல் போகும் என்பதற்கு அதில் ஒரு வரிகூடக் கிடையாது. சோமாலியாவில் 1991க்குப் பிறகு பல வருஷம் அரசு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. ஐ.நா.வில் அதன் நாற்காலியை யாரும் எடுத்துவிடவில்லை. 2025 ஜூலை 23 அன்று சர்வதேச நீதிமன்றம் சொன்ன கருத்தும் இதே பக்கம்தான்: நாடு ஒருமுறை உருவாகிவிட்டால், அதன் கூறுகளில் ஒன்று மறைந்ததாலேயே நாட்டுத் தகுதி போயாக வேண்டும் என்பதில்லை. கவனியுங்கள், "போகவே போகாது" என்று சொல்லவில்லை. விடைத்தாளில் அப்படி எழுதி மார்க்கைக் கோட்டை விடாதீர்கள். நீங்கள் படம் எடுத்து அனுப்பிய பாடப் பக்கம் இதற்கெல்லாம் முந்தியது. வழக்கமாகச் சொல்வதுதான்: சட்டத்தைப் படிக்கும் முன் ஆண்டைப் பாருங்கள்.

பசிபிக் தீவு நாடான கிரிபாட்டி, ஃபிஜியில் நிலம் வாங்கிவிட்டதாகப் படித்தேன். அப்படியானால் நாட்டையே அங்கே மாற்றிக்கொள்ளலாம் அல்லவா? – பொள்ளாச்சி

வாங்கியது உண்மை. 2014இல், சுமார் 20 சதுர கிலோமீட்டர். ஆனால் கிடைத்தது சொத்துரிமை, ஆட்சியுரிமை அல்ல. அந்தத் தோட்டத்தில் நடப்பது ஃபிஜியின் சட்டம், வரி கேட்டால் ஃபிஜிக்குத்தான் கட்ட வேண்டும். ஆட்சியுரிமை வேண்டுமென்றால் ஃபிஜி உடன்படிக்கை போட்டு விட்டுக்கொடுக்க வேண்டும். பத்திரம் பதிந்தால் கொடி ஏற்றலாம் என்று நினைப்பவர்கள் ரியல் எஸ்டேட்டிலேயே இருக்கட்டும்.

நான் ஓய்வுபெற்ற சர்வேயர். பவானி ஆறு கரையை அரித்துக்கொண்டு போனாலும் எஃப்.எம்.பி. (வயலின் நில அளவை வரைபடம்) நகலில் இருக்கும் அளவு அப்படியேதான் இருக்கும். கடலுக்கு அப்படி ஒரு வரைபடம் உண்டா? – கோபிசெட்டிபாளையம்

வந்ததிலேயே உருப்படியான கேள்வி இதுதான் ஐயா. எல்லாரும் நிலத்தையே பார்க்கிறார்கள், நீங்கள் அளவைக் கேட்டிருக்கிறீர்கள்.

1982ஆம் ஆண்டுக் கடல் சட்ட உடன்படிக்கையில் எல்லா அளவும் அடிப்படைக் கோட்டிலிருந்துதான் தொடங்கும். கடல் வற்றி நிற்கும்போது கரையில் தெரியும் நீர்க்கோடு அது. அதிலிருந்து 12 கடல் மைல் வரை நாட்டின் சொந்தக் கடல், 200 கடல் மைல் வரை பொருளாதார மண்டலம், அதாவது மீன் போன்ற வளங்களுக்கு மட்டும் உரிமை உள்ள கடல். 200 கடல் மைல் என்றால் சுமார் 370 கிலோமீட்டர். நடுக்கடலில் மக்கள் வாழும் ஒரு பொட்டுத் தீவு இருந்தால், அதைச் சுற்றி நாலேகால் லட்சம் சதுர கிலோமீட்டர் கடல் அந்த நாட்டுக்கு. அதே தீவில் குடிதண்ணீர் உப்பாகி, மனிதர் வாழ முடியாத வெறும் பாறை என்று ஆகிவிட்டால் 121ஆம் பிரிவின்படி மிஞ்சுவது 12 மைல் மட்டும், அதாவது ஆயிரத்து ஐந்நூறு சதுர கிலோமீட்டர் சொச்சம். ஓதம் ஏறும்போது தலை தெரியாமல் முங்கிவிட்டால் அதுவும் இல்லை.

எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். 2021இல் துவாலு என்ற பசிபிக் தீவு நாட்டின் அமைச்சர் ஒருவர் முழங்கால் தண்ணீரில் நின்று பேசிய காணொளியை உலகமே பார்த்தது. எல்லாரும் அவர் நனைந்த காலைப் பார்த்தார்கள், பின்னால் இருந்த கடலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. துவாலுவின் நிலம் 26 சதுர கிலோமீட்டர், கடலோ ஏழு லட்சத்துக்கு மேல். கிரிபாட்டிக்கு நிலம் எண்ணூறு சொச்சம், கடல் 35 லட்சம். அந்தக் கடலில் சூரை மீன் பிடிக்க வரும் வெளிநாட்டுக் கப்பல்கள் நாள் கணக்கில் கட்டணம் கட்டுகின்றன. கப்பலுக்கு நாளொன்றுக்கு எட்டாயிரம் டாலர் என்பதே அடிவிலை. அரசு சம்பளம் கொடுப்பதும் பள்ளிக்கூடம் நடத்துவதும் பெரும்பாலும் இந்தப் பணத்தில்தான். தீவு மூழ்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கோடு உள்ளே நகர்ந்தாலே வருமானம் நகர ஆரம்பித்துவிடும். மூழ்குவது பற்றியே பேசிக்கொண்டிருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு ஏன் உறைப்பதில்லை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இனி உங்கள் வரைபடத்துக்கு வருகிறேன். கரை நகர்ந்தால் கோடும் கூடவே நகரும் என்பதுதான் பழைய வாதம். பசிபிக் தீவு நாடுகள் 2021 ஆகஸ்டில் கூட்டாக அதை மறுத்தன: முறைப்படி அளந்து ஐ.நா.வில் தாக்கல் செய்த எல்லை, கடல் எவ்வளவு ஏறினாலும் குறையாது என்று அறிவித்தன. மார்ஷல் தீவுகள் 2016இலேயே புள்ளி புள்ளியாக ஆயத்தொலைவுகளைக் குறித்துச் சட்டமாக்கி வைத்துவிட்டது. 2025இல் சர்வதேச நீதிமன்றமும், தாக்கல் செய்த வரைபடத்தைக் கடல் ஏறுகிறது என்பதற்காகத் திருத்த வேண்டிய கடமை இல்லை என்று சொல்லிவிட்டது. ஆக, உங்கள் எஃப்.எம்.பி. மாதிரி ஒன்று கடலுக்கும் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அளந்து தாக்கல் செய்தவனுக்குத்தான் இந்தப் பாதுகாப்பு. சர்வேயருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கடல் ஏறினால் என்னங்க, சிமெண்டைக் கொட்டி உயர்த்திக்கிட்டாப் போச்சுங்களே? – பெருந்துறை

இருக்கிற தீவைக் காப்பாற்றக் கொட்டலாம். மாலத்தீவு மண் நிரப்பி ஹுல்ஹுமாலே நகரத்தையே கட்டியிருக்கிறது. ஆனால் கடலில் புதிதாக எழுப்பும் செயற்கைத் தீவுக்குத் தீவு என்ற தகுதி கிடையாது. அதே கடல் சட்ட உடன்படிக்கையின் 60ஆம் பிரிவு. சிமெண்ட் செலவை யார் தருவார்கள் என்பதை நீங்கள் எழுதவில்லை.

சர்வதேச நீதிமன்றம் இந்தியாவுக்கு அபராதம் போட்டுவிட்டதாக வாட்ஸ்அப்பில் வந்தது. எவ்வளவு? – பெயரும் ஊரும் இல்லை

சல்லிக்காசு இல்லை. வனுவாட்டு என்ற பசிபிக் தீவு நாடு முன்னின்று ஐ.நா. பொதுச்சபை மூலமாகக் கேட்டதற்கு 2025 ஜூலையில் வந்த ஆலோசனைக் கருத்து அது. தீர்ப்பு அல்ல, யார் மீதும் உத்தரவும் அல்ல. காலநிலைக் கடமையை மீறிய நாடு இழப்பீடு தர வேண்டி வரலாம் என்று சொல்லியிருக்கிறது. அதற்குத் தனி வழக்குப் போட்டு, இன்ன செயலால் இன்ன சேதம் என்று நிரூபிக்க வேண்டும். 2024 மே மாதம் ஹாம்பர்க்கில் உள்ள கடல் சட்டத் தீர்ப்பாயம், பசுங்குடில் வாயுக்கள் கடலை மாசுபடுத்துபவை என்று சொன்னதும் ஆலோசனைக் கருத்துதான். இன்னொருமுறை: ஆலோசனைக் கருத்து தீர்ப்பு அல்ல. ஃபார்வர்டு செய்யும் முன் தேதியையாவது பார்த்துத் தொலையுங்கள்.

எங்கள் ஊரில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. தீவு மூழ்கி வருகிறவர்களுக்கும் அகதி அந்தஸ்து கிடைக்குமா? – ஒரு வாசகி, பவானிசாகர்

இப்போதைய சட்டத்தில் கஷ்டம்தான் அம்மணி. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கை இனம், மதம், தேசியம், சமூகக் குழு, அரசியல் கருத்து என்ற ஐந்து காரணங்களுக்காகத் துன்புறுத்தப்படுபவர்களுக்கானது. கடல் யாரையும் மதம் பார்த்துத் துரத்துவதில்லை. கிரிபாட்டிக்காரர் ஒருவர் நியூசிலாந்தில் இதைக் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போய் 2015இல் தோற்றார். ஐ.நா. மனித உரிமைக் குழுவிலும் தோற்றார். ஆனால் 2020இல் வெளியான அந்த முடிவில் குழு ஒன்றைச் சொன்னது: உயிருக்கே ஆபத்து என்ற நிலை வந்தால் திருப்பி அனுப்பக் கூடாது. தோற்ற வழக்குதான், ஆனாலும் இன்று எல்லா வக்கீலும் எடுத்துக் காட்டுவது அதைத்தான். இந்தியா 1951 உடன்படிக்கையில் கையெழுத்தே போடவில்லை என்பது உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

துவாலுக்காரர்களுக்கு ஒரு வழி திறந்திருக்கிறது. 2024இல் நடைமுறைக்கு வந்த ஃபலேபிலி உடன்படிக்கைப்படி ஆண்டுக்கு 280 பேர் ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாகக் குடியேறலாம், சொந்தக் குடியுரிமையை விட வேண்டாம். பதிலுக்குத் துவாலு வேறு நாட்டோடு பாதுகாப்பு ஒப்பந்தம் போட ஆஸ்திரேலியாவின் சம்மதம் வேண்டும். ஓசியில் யாரும் இடம் தருவதில்லை.

மன்னார் வளைகுடாவில் இரண்டு தீவுகள் மூழ்கிவிட்டனவே, இந்தியாவின் கடல் எல்லை சுருங்குமா? – உடுமலை

சுருங்காது. அந்த 21 தீவுகளும் கரையை ஒட்டியவை. இலங்கையோடு நமக்குள்ள எல்லை 1974, 1976 ஒப்பந்தங்களில் முடிவானது. சூழ்நிலை மாறிவிட்டது என்று காரணம் காட்டி எல்லை ஒப்பந்தத்தை உடைக்க முடியாது. இந்தியா–வங்கதேச வழக்கில் 2014இல் நடுவர் தீர்ப்பாயமும், முடிவான கடல் எல்லைகளைக் காலநிலை மாற்றம் அசைக்காது என்று சொல்லியிருக்கிறது. அப்புறம், அந்த இரண்டு தீவுகள் போனதில் பவளப்பாறையை வெட்டி எடுத்ததற்குப் பெரிய பங்கு உண்டு. எல்லாப் பழியையும் கடல் மட்டத்தின் தலையில் போடாதீர்கள்.

மாலத்தீவு விடுதிகளுக்குத் துண்டு, படுக்கை விரிப்பு அனுப்புகிறேன். தீவு மூழ்கினால் எனக்கு வர வேண்டிய பாக்கி? – கரூர்

விடுதி நடத்தும் கம்பெனி எந்த நாட்டில் பதிவானது, ஒப்பந்தத்தில் எந்த நாட்டுச் சட்டம் என்று போட்டிருக்கிறது, பணம் எல்.சி.யில் (வங்கி தரும் கடனுறுதிக் கடிதம்) வருகிறதா? மூன்றில் ஒன்றைக்கூட எழுதாமல் கேட்டால் எப்படிச் சொல்வது? ஒப்பந்த நகலை அனுப்புங்கள். கையெழுத்துப் பக்கம் மட்டும் வேண்டாம், முழுசாக.