சுதந்திர மணியும் ராஜாவின் படையும் – வாசகர் கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

சில மாதங்களுக்கு முன் கணினி விளையாட்டுகளைப் பற்றி எழுதியபோது, 1994இல் வந்த ‘காலனைசேஷன்’ ஆட்டத்தைப் போகிறபோக்கில் குறிப்பிட்டிருந்தீர்கள். தமிழில் அந்தப் பெயரை வாசித்ததே எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. நான் ஒரு நூற்பாலையில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கல்லூரி விடுதியில் இருந்த ஒரே கணினியில் நண்பர்கள் நால்வர் முறைவைத்துக்கொண்டு விடிய விடிய அதை ஆடியிருக்கிறோம். இன்று நான்கு ஊர்களில் இருக்கிறோம். ஆனாலும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் தொடர்பு விட்டுப்போகவில்லை. அந்த ஆட்டம் இன்றைய தரத்தில் மறுபடி எடுக்கப்படுமா என்ற பேச்சு ஆண்டுக்கு இரண்டு முறையாவது அங்கே எழும். 2008இல் வந்த ரீமேக் எங்களை ஏமாற்றியது. அப்படியும் ஆசை விடவில்லை.

இம்முறை பேச்சு சண்டையில் முடிந்தது. படங்களை மட்டும் புதிதாக்கிவிட்டு ஆட்டத்தை அப்படியே தந்தால் போதும் என்கிறார் ஒருவர். இன்றைக்கு எடுத்தால், 2020இல் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 3’ ஆட்டத்தை மறுபடி வெளியிட்டபோது செய்ததைப் போலப் பூசி மெழுகிவிடுவார்கள், அதற்கு எடுக்காமலே இருக்கலாம் என்கிறார் இன்னொருவர். கம்பெனிகள் வந்து இறங்கிய கரையில் பிறந்தவர்கள் இப்படி ஓர் ஆட்டத்துக்காகக் காத்துக் கிடப்பதே வெட்கக்கேடு என்று சொல்லிவிட்டு மூன்றாமவர் குழுவிலிருந்தே வெளியேறிவிட்டார் (மறுநாள் காலையில் திரும்பிவிட்டார்). மூவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாக எனக்குப் படுகிறது. நீங்கள் அந்த மறுஆக்கத்தை எதிர்பார்க்கிறீர்களா? எதிர்பார்த்தால், அதில் எதை?

அன்புடன்,
கே.

*

அன்புள்ள கே,

எதிர்பார்க்கிறேன். உங்கள் மூன்றாவது நண்பரின் வெட்கத்தை மதிக்கிறேன் என்றாலும் அதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை. நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர் என்பதால் நான் சொல்லவருவது உங்களுக்குச் சட்டென்று பிடிபடும்: அது போர் விளையாட்டின் உடுப்பை மாட்டிக்கொண்டு வந்த ஒரு பேரேடு. என்னை இரவெல்லாம் உட்காரவைத்தது அந்தப் பேரேடுதான்.

ஆடியிராத வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மைக்ரோப்ரோஸ் நிறுவனம் வெளியிட்ட அந்த ஆட்டத்தின் பெட்டியில் சிட் மையரின் பெயர் பெரிதாக இருந்தாலும், வடிவமைப்பில் பெரும்பங்கு பிரையன் ரெனால்ட்ஸுடையது. ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், ஸ்பானியர், டச்சுக்காரர் ஆகிய நால்வரில் ஒருவராக, 1492இல் ஒரே ஒரு கப்பலுடன் அமெரிக்கக் கரையைத் தேடி வருகிறீர்கள். கரும்பையும் புகையிலையையும் பருத்தியையும் விளைவித்து, ரம்மாகவும் சுருட்டாகவும் துணியாகவும் மாற்றி ஐரோப்பாவுக்கு ஏற்றி அனுப்புகிறீர்கள். தாய்நாட்டு ராஜா வரியை ஏற்றிக்கொண்டே போகிறார். மறுத்தால் சரக்கைக் கடலில் கொட்டலாம், ஆனால் அந்தச் சரக்குக்கு அதன்பின் ஐரோப்பியச் சந்தை மூடிவிடும். குடியேற்றங்களில் சுதந்திர மணியை அடித்து அடித்து ஆள் சேர்த்து, பாதிப் பேராவது உங்கள் பக்கம் வந்த பிறகு, 1800க்குள் விடுதலையை அறிவித்து, ராஜா அனுப்பும் படையை முறியடித்தால் வெற்றி.

இதெல்லாம் வெளிக்கூடு. உள்ளே நடப்பது ஆட்களைத் தரம்பிரிக்கும் வேலை. தொடக்க நிலைக் கூடத்தில் ரம் காய்ச்ச ஒரு சில்லறைக் குற்றவாளியை நிறுத்தினால் ஒரு முறைக்கு, அதாவது ஆட்டத்தின் ஒரு சுற்றுக்கு, ஓர் அளவு ரம் கிடைக்கும். ஒப்பந்தக் கூலியை நிறுத்தினால் இரண்டு. கட்டில்லாத குடியேறி (ஒப்பந்தக் கட்டு எதுவும் இல்லாதவர்) என்றால் மூன்று. தொழில் தேர்ந்தவர் என்றால் ஆறு. மதம் மாறிய பூர்வகுடியை அதே இடத்தில் நிறுத்தினால் குற்றவாளியைப் போல ஒன்றுதான் தருவார். அவரையே வயலில் இறக்கினால் சாதாரணக் குடியேறியைவிடக் கூடுதலாக விளைவிப்பார். ஒரு காலனியச் சமூகம் மனிதர்களை எப்படி எடைபோட்டது என்பதை நான் படித்த எந்தப் பாடப்புத்தகமும் இவ்வளவு கூச்சமில்லாமல் எனக்குச் சொன்னதில்லை.

நான் எப்போதும் டச்சுக்காரனாகத்தான் ஆடுவேன். விற்று விற்று விலை விழுந்தாலும் அவர்களுக்குச் சந்தை சீக்கிரம் நிமிர்ந்துவிடும். ஒரு முறை ஒப்பந்தக் கூலி ஒருவரை அருகிலிருந்த அரவாக் பூர்வகுடிகளின் கிராமத்துக்கு அனுப்பினேன். குற்றவாளி என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கூலியை வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுப்பார்கள். அவர் அவர்களோடு தங்கி, கரும்புப் பயிரில் கைதேர்ந்தவராகத் திரும்பி வந்தார். என் குடியேற்றத்தின் செல்வமெல்லாம் அவர் கற்றுவந்த அந்த வித்தையிலிருந்து வந்தது. ஐம்பது முறைகள் கழிந்த பின் அந்தக் கிராமம் நின்ற நிலம் எனக்கு வேண்டியிருந்தது. கிராமத்தை அழித்தால் இறுதி மதிப்பெண்ணில் கழிவு உண்டு. அந்தக் கழிவு எவ்வளவு, நிலத்தால் வரும் லாபம் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்து, தாங்கும் என்று முடிவுசெய்து, பீரங்கியை நகர்த்தினேன். உங்கள் நண்பர் சொல்லும் வெட்கம் எனக்கு உண்டு, அது அந்தத் தாளைப் பற்றியது. ஆட்டம் என்னிடம் அதைக் கேட்காமல் இருந்திருந்தால் நான் எப்படிப்பட்ட கணக்குப்பிள்ளை என்பது எனக்கே தெரிந்திருக்காது.

இவ்வளவு நேர்மையான பேரேட்டில் ஒரு தலைப்பு மட்டும் அடியோடு விடுபட்டிருக்கிறது. கரும்பு இருக்கிறது, புகையிலை இருக்கிறது, பருத்தி இருக்கிறது, அடிமை இல்லை. 1501 முதல் 1866 வரை ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ஆப்பிரிக்கர்கள் அட்லாண்டிக் கடலைக் கடக்கக் கப்பலேற்றப்பட்டார்கள் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. அந்த ஆண்டுகளில் பெரும்பகுதியை நீங்கள் திரையில் கடந்து போகிறீர்கள். அவர்களில் ஒருவர்கூட உங்கள் துறைமுகத்தில் இறங்குவதில்லை. ஆட்டத்தில் உங்களுக்குத் துணைநிற்கும் இருபத்தைந்து முன்னோடிகளில் ஒருவர் ஸ்பானியப் பாதிரியார் பர்த்தொலோமே தெ லாஸ் காசாஸ். அவர் சேர்ந்ததும் மதம் மாறிய பூர்வகுடிகள் எல்லோரும் கட்டில்லாத குடியேறிகளாகிவிடுவார்கள். அதே லாஸ் காசாஸ், 1516இல், பூர்வகுடிகளின் சுமையைக் குறைக்க வேறிடத்திலிருந்து அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று எழுதியவர். பிற்காலத்தில் அதற்காக மனம் வருந்தியவர். அந்த யோசனைக்கும் வருத்தத்துக்கும் ஆட்டத்தில் இடமே இல்லை. (வேடிக்கை என்னவென்றால், 1550இல் ஸ்பெயினின் வயாதோலித்தில், பூர்வகுடிகளைப் போரிட்டு அடக்கலாமா என்ற விவாதத்தில் அவரோடு எதிர்வாதம் செய்த செபுல்வேதாவும் அதே இருபத்தைந்து பேரில் ஒருவர். இருவரையும் ஒரே அவையில் உட்காரவைத்துக்கொண்டு நான் ஆடியிருக்கிறேன்; அவர்கள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.)

நாம் பிறந்த கரை என்று உங்கள் நண்பர் சொன்னதற்கும் இந்த விடுபட்ட தலைப்போடு ஓர் உறவு உண்டு. சோழமண்டலக் கரையில் நெய்து சாயமேற்றிய துணி, மேற்கு ஆப்பிரிக்கத் துறைகளில் ஆட்களுக்கு ஈடாக அளந்து கொடுக்கப்பட்ட சரக்குகளில் ஒன்று. நெய்தவருக்கு அது எங்கே போகிறது என்று தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் அந்தப் பேரேட்டின் ஏதோ ஒரு பக்கத்தில் நம் ஊர்களின் பெயரும் இருக்கிறது.

இனி உங்கள் இரண்டாவது நண்பரின் அச்சம். 2020இன் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 3’ செய்ததில் பாதி சரியானது என்றே நினைக்கிறேன். இராக்குவா, சூ என்று அமெரிக்கப் பூர்வகுடிகளுக்குப் பிறர் வைத்த பெயர்களை எடுத்துவிட்டு, அந்த மக்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட ஹோடினோஷோனி, லகோட்டா என்ற பெயர்களைப் போட்டார்கள். பூர்வகுடி ஆலோசகர்களைக் கேட்டு, அவர்கள் சுரங்கம் தோண்டுவதாகக் காட்டியதை மாற்றினார்கள். இதில் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் அதே கையோடு ‘காலனிய யுகம்’ என்பதை ‘வணிக யுகம்’ என்றும், ‘பிளான்டேஷன்’ என்ற கட்டடத்தை ‘எஸ்டேட்’ என்றும் மாற்றினார்கள். கட்டடம் அதேதான், வருமானமும் அதேதான், பெயர்ப்பலகை மட்டும் வேறு. எஸ்டேட் என்ற சொல் அவர்கள் காதில் சாதுவாக ஒலித்திருக்கலாம். தேயிலைத் தோட்டத்து லயன் வீடும் கங்காணியும் துண்டுக் கணக்கும் நினைவுக்கு வராமல் ஒரு தமிழரால் அந்தச் சொல்லைக் கேட்க முடியுமா? பெயரை மாற்றிப் பாரத்தை இறக்கிவைக்கப் பார்த்தவர்கள், நம்மைப் பொறுத்தவரை பாரத்தை ஏற்றிவிட்டார்கள். எனக்கு அதைப் பார்த்ததும் சிரிப்புதான் வந்தது.

2008இன் ரீமேக்கைப் பற்றித்தான் உங்களிடம் அதிகம் பேச ஆசை. ஃபிராக்சிஸ் நிறுவனம் ‘சிவிலைசேஷன் 4’ ஆட்டத்தின் எஞ்சினை (அடிப்படை மென்பொருளை) வைத்து அதை எடுத்தது. பதினான்கு ஆண்டுக் காத்திருப்பு. அறிவிப்பு வந்தபோதே, இப்படி ஒரு பொருளை விளையாட்டாக்கலாமா என்று அமெரிக்காவில் கேள்வி எழுந்தது. நிறுவனமும் பதில் சொன்னது. ஆனால் செப்டம்பரில் ஆட்டம் கைக்கு வந்தபின் ரசிகர்கள் கொதித்தது வேறொன்றுக்காக, உங்கள் ஏமாற்றமும் அதுவாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். நீங்கள் சுதந்திர மணியை அடிக்க அடிக்க, ராஜாவின் படையும் பெருகிக்கொண்டே போகும். ஆகவே கெட்டிக்காரத்தனமான வழி, ஆட்டத்தின் பெரும்பகுதியில் மணியைத் தொடாமலே இருந்துவிட்டு, கடைசி நேரத்தில் எல்லோரையும் மணியடிக்க உட்காரவைத்து, ராஜா சுதாரிப்பதற்குள் விடுதலையை அறிவிப்பது. இது என்ன கூத்து, விடுதலை உணர்வை வளர்ப்பவனுக்குத் தண்டனையா என்று எல்லோரும் திட்டினார்கள். நானும் திட்டியவன்தான்.

சில ஆண்டுகள் கழித்து, 1775 நவம்பரில், அமெரிக்கக் குடியேற்றமான வர்ஜீனியாவில் ஆங்கில ராஜாவின் ஆளுநராக இருந்த டன்மோர் வெளியிட்ட பிரகடனத்தைப் படித்தபோதுதான் அந்த விதி எனக்கு வேறாகத் தெரிந்தது. ராஜாவுக்கு எதிராகக் கிளம்பியவர்களின் அடிமைகளில், ஆயுதம் ஏந்தக்கூடியவர் எவரும் தப்பிவந்து ராஜாவின் படையில் சேர்ந்தால் அவருக்கு விடுதலை என்றது அது. சில மாதங்களுக்குள் பல நூறு பேர் போய்ச் சேர்ந்தார்கள். முதலாளிகள் சுதந்திரம் சுதந்திரம் என்று அடித்த மணி, தோட்டத்தில் நின்றவர் காதிலும் விழுந்தது; அவர் அதன் பொருளைச் சரியாகவே புரிந்துகொண்டார்; புரிந்துகொண்டு எதிரணிக்குப் போனார். மணி அடித்தால் ராஜாவின் படை பெருகும் என்ற விதி அபத்தமானதல்ல. பெருகும் படையில் யார் இருக்கிறார்கள் என்பதைத்தான் ஆட்டம் சொல்லாமல் விட்டுவிட்டது.

நான் காத்திருக்கும் மறுஆக்கம் இதுதான், கே. விடுபட்ட தலைப்பைப் பேரேட்டில் திறக்க வேண்டும். ரசிகர்கள் 2008இன் ஆட்டத்தைத் தாமே மாற்றி வெளியிட்ட ‘மாட்’ வடிவங்களில் ஏற்கெனவே சிலர் துணிந்து அடிமையை ஓர் ஆளாகச் சேர்த்திருக்கிறார்கள். அதற்காக அவர்களை மதிக்கிறேன், ஆனால் விலை குறைந்த, விளைச்சல் கூடிய ஆளாக மட்டும் சேர்த்தால் வரவுப் பத்தியை எழுதிவிட்டுப் பற்றுப் பத்தியைக் காலியாக விட்டதாகிவிடும். கரும்பில் நிறுத்தினால் லாபம் மும்மடங்காகட்டும். கூடவே காவலுக்கு ஆள் வேண்டியிருக்கட்டும், காட்டுக்குள் ஓடிப்போனவர்கள் தமக்கென்று ஊர் அமைக்கட்டும், நான் மணி அடிக்கும்போதெல்லாம் என் தோட்டத்திலிருந்து எத்தனை பேர் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள் என்று திரை எனக்குக் காட்டட்டும். அடிமையை வாங்காமலே ஆடவும் வழி இருக்கட்டும். அப்படி ஆடுபவர் பக்கத்துத் தீவின் விலையோடு போட்டிபோட முடியாமல் திணறட்டும். அந்தத் திணறலில்தான் மற்றவர்கள் ஏன் வாங்கினார்கள் என்பது விளங்கும், அதை மன்னிக்கவும் முடியாமல் போகும்.

இன்னும் ஓர் ஆசை இருக்கிறது, நடக்குமா தெரியாது. ஆட்டத்தின் கெடு 1800. பிரெஞ்சுக்காரர்களின் மிகப் பணக்காரக் கரும்புக் குடியேற்றமான சான் டொமிங்கில் அடிமைகள் 1791 ஆகஸ்டில் கிளர்ந்தெழுந்தார்கள். 1804 ஜனவரி 1 அன்று ஹைத்தி என்ற பெயரில் விடுதலையை அறிவித்தார்கள். ராஜா அனுப்பும் படையை முறியடித்து விடுதலை பெறுவதுதான் வெற்றி என்று ஆட்டம் தானே வகுத்துக்கொண்ட இலக்கணத்துக்கு இதைவிடப் பொருத்தமான வெற்றி கிடையாது, அங்கே ராஜாவின் இடத்தில் நெப்போலியன் இருந்தார் என்பது மட்டுமே வேறுபாடு. நால்வரில் ஒருவராக ஆட்டத்தைத் தொடங்கும் நான், கடைசிப் பத்தாண்டில் என் சொந்தத் தோட்டத்திலிருந்து எழும் ஐந்தாமவரிடம் தோற்க வேண்டும். அல்லது, அந்த ஐந்தாமவராக ஆட்டத்தைத் தொடர என்னை அனுமதிக்க வேண்டும்.

உங்கள் முதல் நண்பருக்கு ஒரு செய்தி: அவர் கேட்பது ஏற்கெனவே இருக்கிறது. ‘ஃப்ரீகால்’ என்று, பழைய ஆட்டத்தின் விதிகளை அப்படியே பின்பற்றித் தன்னார்வலர்கள் எழுதிய இலவச ஆட்டம். முதல் பதிப்பு 2003இல் வந்தது, 1.0 என்று எண்ணிட்ட பதிப்பு வர 2023 ஆகிவிட்டது. காத்திருப்பில் உங்கள் குழுவைவிடப் பொறுமைசாலிகள். ஜாவா மென்பொருள் இருக்கும் எந்தக் கணினியிலும் ஓடும். போன மாதம் நிறுவி, இரவு இரண்டு மணி வரை ஆடினேன். டச்சுக்காரன்தான். முதல் கப்பலிலேயே ஓர் ஒப்பந்தக் கூலி வந்திருந்தார். அவரைக் கரும்பு கற்க அனுப்பிவைத்துவிட்டு இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், அந்த ஆட்டம் அங்கேயே நிற்கிறது.

அன்புடன்