பாம்பனில் இருந்தபடி தனியாகச் செய்யும் வீடியோ கேமின் கடைசிக் கட்டத்தை எப்படி முடிப்பது?

கேள்வியின் சுருக்கம்: பாம்பனில் வீடு. கேம் செய்யும் மென்பொருளான கோடாட் 4-ல் இரண்டு வருடமாக ஒரு வத்தை (நாட்டுப்படகு) பயணக் கேம். கணினிக் கேம்களின் இணையக் கடையான ஸ்டீமிலும் ஆண்ட்ராய்டிலும் வெளியிட ஆசை. "90 சதவீதம் முடிந்துவிட்டது, எட்டு மாதமாக அதே 90-லேயே நிற்கிறது, என்ன செய்ய?"

அந்த 90 உங்கள் கணினியில் எடுத்த கணக்கு. படகு ஓடுகிறது, வலை விழுகிறது, காற்று திரும்புகிறது, எல்லாம் சரி. மிச்சம் இருப்பவை அத்தனையும் அடுத்தவர் கணினியிலும் அடுத்தவர் போனிலும் நடக்க வேண்டியவை. அதனால்தான் உள்ளே எவ்வளவு வேலை பார்த்தாலும் எண் நகரவில்லை. இன்று ராத்திரியே எக்ஸ்போர்ட் போட்டு, அதாவது தனியாக ஓடும் பொதியாக மாற்றி, கோடாட் இல்லாத இன்னொரு கணினியில் ஓட்டிப் பாருங்கள்.

பெரும்பாலும் மூன்று இடங்களில் முட்டும். முதலாவது கோப்புப் பெயர். கோடில் பெரிய எழுத்து, கோப்பில் சின்ன எழுத்து என்று இருந்தால் விண்டோஸ் கண்டுகொள்ளாது; எக்ஸ்போர்ட் ஆன பொதிக்குள்ளும் ஆண்ட்ராய்டிலும் அவை இரண்டு வேறு பெயர்கள். எடிட்டரில் தெரிந்த படகு அங்கே காணாமல் போகும். இரண்டாவது, நீங்கள் நேரடியாகத் திறந்து படிக்கும் சாதாரண டெக்ஸ்ட் கோப்புகள். எக்ஸ்போர்ட் அமைப்பில் வடிகட்டியில் சேர்த்தால்தான் அவை பொதிக்குள் போகும். மூன்றாவது, ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள்ளேயே சேவ் எழுதுவது. எடிட்டரில் எழுதும், வெளியே போனால் அது படிக்க மட்டுமே. சேவ், அமைப்புகள் எல்லாம் பயனர் ஃபோல்டருக்குப் போக வேண்டும்.

அடுத்தது, புதுசாகச் சேர்ப்பதை நிறுத்தும் தேதி. நம் கரையில் அதற்குப் பொருத்தமான நாள் ஏப்ரல் 15. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். பாம்பன், மண்டபம், ராமேஸ்வரம் பையன்கள் கையில் போனும் நேரமும் இருக்கும். உங்கள் கேமைச் சோதிக்க இதைவிட நல்ல ஆட்கள் சென்னையில்கூடக் கிடைக்க மாட்டார்கள். கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் மன்னார் வளைகுடாவான ஆண்கடல் கொந்தளிக்கும், பாக் விரிகுடாவான பெண்கடல் தணிந்திருக்கும். வாடை (வடகிழக்குக் காற்று) காலத்தில் அது தலைகீழ். கேமில் இது மாறிக் கிடந்தால் முதல் நிமிடத்திலேயே பிடித்துவிடுவார்கள்.

ஏப்ரல் 15-க்குப் பிறகு வரும் குறைகளை மூன்றாகப் பிரியுங்கள். கேம் நின்றுபோவது, சேவ் அழிவது, மேலே போக வழியடைப்பது ஒரு வகை. இவை ஒன்றுவிடாமல் சரியாக வேண்டும். ஆடுபவர் குழம்புவது அடுத்தது, முடிந்தவரை பார்க்கலாம். "அலை இன்னும் அழகாக இருக்கலாம்" என்பது மூன்றாவது, அதைத் தொடவே வேண்டாம். எட்டு மாதத்தை விழுங்கியது இந்த மூன்றாம் வகையாகத்தான் இருக்கும். கடைசி இரண்டு வாரத்தில் முதல் வகையை மட்டும் திருத்துங்கள், ஒரு திருத்தத்துக்கு ஒரு கமிட் (கோடின் தனிப் பதிவு). இரண்டைச் சேர்த்துப் போட்டால் புதுக் குறை எதனால் வந்தது என்று பிரித்தறிய முடியாது.

சேவ் ஃபைலுக்கு ஒரு வாரம் முழுசாக ஒதுக்குங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பாதிக் கோப்பு மிஞ்சும், ஆறு மணி நேர ஆட்டம் போயிற்று. எனவே பழைய கோப்பின் மேலேயே எழுதக் கூடாது. தற்காலிகப் பெயரில் ஒரு கோப்பை முழுசாக எழுதி மூடுங்கள், திரும்பப் படித்துச் சரிபாருங்கள், பழைய சேவ் கோப்பைக் காப்புப் பிரதியாகப் பெயர் மாற்றுங்கள், பிறகு புதியதை அதன் இடத்தில் வையுங்கள். திறக்கும்போது முதல் கோப்பு கெட்டிருந்தால் காப்புப் பிரதியை எடுக்க வேண்டும். சேவின் தொடக்கத்திலேயே ஒரு பதிப்பு எண் போடுங்கள். நாளைக்கு மீன் வகை ஒன்று கூடினால் பழைய சேவ் கோப்பை மாற்றிப் படிக்க அது வேண்டும். ஆண்ட்ராய்டில் இன்னொன்று: போன் அழைப்பு வந்து கேம் பின்னால் போனதும் நினைவகம் போதாவிட்டால் சிஸ்டம் அதைச் சத்தமில்லாமல் கொன்றுவிடும், "வெளியேறு" பொத்தான் வரை யாரும் வர மாட்டார்கள். பின்னணிக்குப் போகிறது என்ற அறிவிப்பு வந்த கணமே சேவ் ஆக வேண்டும். சோதிக்க, சேவ் எழுதுவதை நூறு முறை சுழலவிட்டு நடுவில் பிளக்கைப் பிடுங்குங்கள். லேப்டாப் என்றால் டாஸ்க் மேனேஜரில் கொல்லுங்கள்.

தமிழ் எழுத்துக்கு வருவோம். "கொண்டல்" என்று எழுதுகிறீர்கள். கணினிக்குள் முதலில் க, பிறகு ஒகரக் குறி. திரையில் அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து கொம்பு க-வுக்கு முன்னும் கால் பின்னும் நிற்க வேண்டும். இந்த வேலையைச் செய்யும் பகுதி கோடாட் 4-ல் இயல்பாகவே இருக்கிறது. கோடாட் 3-ல் இல்லை, இன்னொரு கேம் மென்பொருளான யூனிட்டியின் எழுத்துக் கருவி டெக்ஸ்ட்மெஷ் ப்ரோவும் வெளி உதவி இல்லாமல் செய்யாது. ஆனால் கோடாட் 4-லும் ஒரு பள்ளம் உண்டு. வசனம் ஒவ்வொரு எழுத்தாகத் தோன்றும்படி வைத்திருந்தால் முதலில் "க", அது "கொ"வாகத் துள்ளும், பிறகு "ண", அதன் தலையில் புள்ளி ஏறி "ண்". படிக்கிறவர் கண்ணில் வரி நடுங்கும். லேபிளில் தெரியும் எழுத்துகளை வெட்டும் முறையை, வடிவமைத்த பிறகு வெட்டும்படி மாற்றினால் இது அடங்கும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைக் கேமோடு சேர்த்துத் தரலாம். உரிம வாசகத்தையும் கூடவே வையுங்கள். கோடாட்டின் எம்ஐடி உரிம வாசகமும் நன்றித் திரையிலோ கூடவரும் கோப்பிலோ இருந்தாக வேண்டும். ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பொத்தானில் தமிழ் அடங்காது, எல்லாத் திரையையும் தமிழில் ஒருமுறை ஓட்டுங்கள். ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவியின் 1280-க்கு 800 திரையில் எழுத்து 9 பிக்சலுக்குக் கீழே போகக் கூடாது என்பது ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் நிபந்தனை. சுழியும் கொம்பும் உள்ள நம் எழுத்துக்கு அது போதாது, 16-க்குக் குறையாமல் வையுங்கள்.

சோதனை நடத்தும்போது போனைக் கொடுத்துவிட்டுப் பின்னால் உட்காருங்கள். வாயைத் திறக்கக் கூடாது. "அங்க தொடு தம்பி" என்று ஒரு சொல் சொன்னாலும் அந்தச் சோதனை வீண். கட்டைவிரல் எந்த இடத்தில் தயங்கி நிற்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர் ஒரே இடத்தில் தயங்கினால் அது உங்கள் குறை. மத்தியான வெயிலில் கரையில் வைத்தும் ஆடச் சொல்லுங்கள். கருநீலக் கடலில் கருநிற வத்தை வெயிலில் தெரியவே தெரியாது. 3 ஜிபி, 4 ஜிபி ராம் உள்ள போனில் முதல் இரண்டு நிமிட வேகத்தை நம்ப வேண்டாம், 20 நிமிடம் ஆடிச் சூடேறிய பிறகு அளவெடுங்கள். 30 ஃப்ரேம் வேண்டுமென்றால் ஒரு ஃப்ரேமுக்கு 33 மில்லிசெகண்ட்தான் கணக்கு. பழைய போன்களுக்குக் கோடாட்டின் கம்பேட்டிபிலிட்டி ரெண்டரர் (படம் வரையும் எளிய முறை) போதும், கடலின் தோற்றத்தை வரையும் ஷேடரை அதற்கேற்ப எளிமையாக்குங்கள். மெனுவின் மூலையில் பதிப்பு எண் தெரியட்டும். யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினால் எந்த பில்ட் (எக்ஸ்போர்ட் செய்த பதிப்பு) என்று உடனே தெரியும்.

கூகுள் பிளேக்கு ஒருமுறைக் கட்டணம் 25 டாலர். 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்கு என்றால், குறைந்தது 12 சோதனையாளர்கள் தொடர்ந்து 14 நாள் மூடிய சோதனையில் (நீங்கள் சேர்த்தவர்கள் மட்டும் ஆடுவது) இருக்க வேண்டும். நடுவில் ஒருவர் விலகினால் சிக்கல், 18 பேரைச் சேர்த்து வையுங்கள். செயலி உங்களுடையதுதான் என்று காட்டும் கையொப்பச் சாவிக் கோப்பையும் கடவுச்சொல்லையும் இரண்டு இடத்தில் வையுங்கள், அதில் ஒன்று இணையத்தில். உப்புக்காற்றில் பென்டிரைவ் முனை துருப்பிடிக்கும், அதை மட்டும் நம்பக் கூடாது.

ஸ்டீமில் தேதிகளைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். ஒரு கேமுக்கு 100 டாலர்; விற்பனை 1,000 டாலரைத் தாண்டினால் அது திரும்பி வரும். பணம் கட்டி 30 நாள் ஆகாமல் வெளியிட முடியாது. "விரைவில் வருகிறது" பக்கம் குறைந்தது இரண்டு வாரம் நின்றிருக்க வேண்டும், நீங்கள் பல மாதம் முன்பே போடுங்கள். விஷ்லிஸ்ட் (வாங்க நினைப்பவர்கள் குறித்துவைக்கும் பட்டியல்) சேர அதுதான் இடம். பக்கத்தையும் பில்டையும் ஸ்டீமின் ஊழியர் ஒருவர் சரிபார்த்த பிறகுதான் அனுமதிப்பார்கள். சில வேலை நாள் ஆகும், திருப்பி அனுப்பினால் இன்னும் சில நாள். வரிப் படிவத்தில் இந்தியா–அமெரிக்கா ஒப்பந்தத்தைக் குறித்தால் அமெரிக்க விற்பனை மீதான பிடித்தம் 30-லிருந்து 15 சதவீதமாகும். அதற்குப் பான் எண் வேண்டும், பான் அட்டையிலும் வங்கிக் கணக்கிலும் பெயர் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இனிஷியல் ஒன்றில் முன்னாலும் ஒன்றில் பின்னாலும் இருந்தாலே இழுக்கும், இதை இப்போதே சரிபாருங்கள். ஸ்டீமின் டெமோ விழாவான நெக்ஸ்ட் ஃபெஸ்ட் வருடத்துக்கு மூன்று முறை வருகிறது. ஒரு கேமுக்கு ஒரே ஒரு வாய்ப்பு. டெமோ உறுதியாக இல்லாத போது அதைச் செலவழிக்காதீர்கள்.

வெளியீட்டுக்கு செப்டம்பர் முதல் பாதியைச் சொல்வேன். ஸ்டீமின் கோடைத் தள்ளுபடி விற்பனை முடிந்திருக்கும், அக்டோபர் மழையும் புயல் சின்னமும் இன்னும் வந்திருக்காது. செவ்வாயோ புதனோ எடுங்கள். அந்த வாரத்தில் பாம்பனுக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இன்வெர்ட்டரும் வேறு நிறுவனத்தின் சிம் ஒன்றும் கையில் இருக்கட்டும். இணையம் மெதுவாக இருந்தால் பயம் வேண்டாம், ஸ்டீமின் பதிவேற்றி கோப்பைச் சுமார் 1 எம்பி துண்டுகளாக வெட்டி மாறியவற்றை மட்டும் அனுப்பும். முதல் முறைதான் முழுசாக ஏறும், அதை ஒரு வாரம் முன்பே ராத்திரியில் ஏற்றிக் கடவுச்சொல் போட்ட தனிக் கிளையில் (பொதுவில் தெரியாத பதிப்பு வரிசை) வைத்து, வேறு ஊர் நண்பரை இறக்கி ஆடச் சொல்லுங்கள்.

வெளியான ராத்திரி குறைகள் வரிசையாக வரும். பதறி அதே ராத்திரியில் திருத்தி எல்லோருக்கும் தள்ளிவிடாதீர்கள். தனிக் கிளையில் ஏற்றி, பழைய சேவ் கோப்பைத் திறந்து ஒரு மணி நேரம் ஆடிய பிறகே பொதுக் கிளைக்கு மாற்றுங்கள். அதிலும் கெட்டது நடந்தால் முந்தைய பில்டைத் தேர்ந்து மறுபடி பொதுக் கிளையில் வைக்கலாம், சில நிமிட வேலைதான். ஆனால் புதிய பில்ட் எழுதிய சேவ் கோப்பைப் பழைய பில்ட் படிக்குமா என்பதை அன்றைக்கு யோசிக்க முடியாது. தடைக்காலத்திலேயே சோதித்து வையுங்கள்.