இலவசமாகக் கேட்கும் கதைகளில் நல்லதை எப்படிக் கண்டுபிடிப்பது? – கடிதமும் பதிலும்

வணக்கம்.

கண்ணுக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லிவிட்டதால் சில மாதங்களாகக் கதைகளைக் கேட்க ஆரம்பித்திருக்கிறேன். சந்தா கட்டும் செயலிகள் கட்டுப்படியாகவில்லை, இலவசமாக என்ன கிடைக்கிறது என்று தேடினேன். ஏராளமாகக் கிடைக்கிறது, அதுதான் பிரச்சினை. லிப்ரிவாக்ஸ் தளத்தில் ஒரு பழைய ஆங்கில நாவல், அத்தியாயத்துக்கு ஒரு குரல். ஒன்று அருமை, அடுத்ததைக் கேட்கவே முடியவில்லை. வீடியோ தளம் ஒன்றில் புதிய நாவலின் ஒலிநூலைப் பாதி கேட்டேன், மறுநாள் அது அங்கே இல்லை. நாடகம் போன்ற ஒரு பாட்காஸ்டைப் போட்டேன், யார் யாரிடம் பேசுகிறார்கள் என்றே புரியவில்லை. நல்லதை நீங்கள் எப்படித் தேடி எடுக்கிறீர்கள்? இலவசம் என்றால் தரம் இப்படித்தான் இருக்குமா? பணம் கொடுக்காமல் கேட்கும்போது யாரையோ ஏமாற்றுகிற மாதிரியும் இருக்கிறது. என் ஆங்கிலம் சுமார்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கே.

அன்புள்ள கே.,

உங்களுக்கு நடந்த மூன்றுக்கும் காரணங்கள் வேறு வேறு. மூன்றையும் சேர்த்துப் பார்த்து இலவசம் என்றால் இப்படித்தான் என்ற முடிவுக்கு மட்டும் வந்துவிடாதீர்கள்.

முதலில் மறுநாள் காணாமல் போன நாவல். அது திருட்டுப் பிரதி. பதிப்புரிமை உள்ள ஒரு நூலை யாரோ காசு கொடுத்து வாங்கி அப்படியே ஏற்றியிருப்பார்கள், உரிமையாளர் புகார் கொடுத்திருப்பார், தளம் நீக்கியிருக்கும். உங்கள் மனம் உறுத்துகிறதே, இந்த இடத்தில் அது சரியாகவே உறுத்துகிறது. ஆனால் இதைக் கண்டுபிடிப்பது எளிது. பெரும்பாலும் ஏற்றியவர் யார், யார் அனுமதித்தார்கள் என்ற தகவல் இருக்காது. முறையாக இலவசமாகத் தருபவர்கள் அதை மறைப்பதே இல்லை, வாய்விட்டே சொல்வார்கள். லிப்ரிவாக்ஸின் ஒவ்வொரு பதிவும் இது லிப்ரிவாக்ஸ் பதிவு, யாருக்கும் உரிமைக் கட்டுப்பாடு கிடையாது என்ற அறிவிப்போடுதான் தொடங்கும். சுயாதீன பாட்காஸ்ட்கள் பலவற்றில் கடைசி அரை நிமிடத்தில் எழுதியவர், நடித்தவர், ஒலி அமைத்தவர், எந்த உரிமத்தில் வெளியிடுகிறார்கள் என்பதெல்லாம் வந்துவிடும். அந்த அரை நிமிடத்தைத் தாண்டிப் போகாமல் கேளுங்கள், பின்னால் அதைப் பற்றி இன்னும் சொல்கிறேன்.

அடுத்து அத்தியாயத்துக்கு ஒரு குரல். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களைச் சிரமப்படுத்திய அதே விஷயம்தான் அந்த இடத்தின் உயிர் என்று நான் நினைக்கிறேன். 2005 ஆகஸ்டில் ஹியூ மெகைர் என்பவர் கனடாவின் மாண்ட்ரியலில் இருந்துகொண்டு லிப்ரிவாக்ஸைத் தொடங்கினார். அமெரிக்கச் சட்டப்படி பதிப்புரிமைக் காலம் முடிந்த நூல்களைத் தன்னார்வலர்கள் வாசித்துப் பதிவு செய்வார்கள், அந்தப் பதிவுகளும் யாருக்கும் சொந்தமில்லாமல் எல்லோருக்கும் பொதுவாகிவிடும். மூலப் பிரதி பெரும்பாலும் புராஜெக்ட் குட்டன்பர்க் என்ற இலவச மின்னூல் தளத்திலிருந்து வரும், ஒலிக் கோப்புகள் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகத்தில் இருக்கும். வாசிப்பவருக்குச் சம்பளம் இல்லை, விளம்பரமும் இல்லை. வாசிக்க வருபவருக்குக் குரல் தேர்வும் கிடையாது! ஒலி தெளிவாகப் பதிவாகிறதா என்று பார்க்க ஒரு நிமிடச் சோதனைப் பதிவு மட்டும் கேட்பார்கள். பிறகு இன்னொரு தன்னார்வலர் முழுவதையும் கேட்டு, வரி விடுபட்டிருக்கிறதா, ஒரே வாக்கியம் இருமுறை வந்திருக்கிறதா, இரைச்சல் இருக்கிறதா என்று சரிபார்ப்பார். நன்றாக வாசித்தாரா, உச்சரிப்பு எப்படி என்று யாரும் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். அது அவர்களுடைய கொள்கை. மேடை அனுபவம் உள்ளவரும் வாழ்க்கையில் முதல் முறையாக மைக் முன்னால் உட்கார்ந்தவரும் ஒரே நாவலில் அடுத்தடுத்த அத்தியாயங்களை வாசிப்பது இதனால்தான். வாசிக்க விரும்பும் எவரையும் திருப்பி அனுப்பாத இப்படி ஒரு இடம் இருப்பதும், அது இருபது ஆண்டுகளாக நடப்பதும் எனக்குப் பெரிய விஷயமாகவே படுகிறது.

சரி, கேட்பவருக்கு என்ன வழி? ஒரு லட்சம் சொற்கள் உள்ள நாவலைச் சாதாரண வேகத்தில் வாசித்தால் சுமார் 11 மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரம் ஒரு குரலோடு இருக்கப் போகிறோம். ஆகவே இங்கே நூலை வைத்துத் தேடுவதைவிடக் குரலை வைத்துத் தேடுவதுதான் பலன் தரும். லிப்ரிவாக்ஸின் விரிவான தேடலில் தனி ஒருவர் வாசித்தவற்றை மட்டும் காட்டு என்று கேட்க முடியும், முதலில் அதைச் செய்யுங்கள். புகழ்பெற்ற நாவல்கள் பலவற்றுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பதிவுகள் உண்டு, ஒன்று பிடிக்காவிட்டால் நாவலை விட்டுவிடாமல் அடுத்த பதிவைப் பாருங்கள். முதல் அத்தியாயத்தை மட்டும் கேட்டு முடிவெடுக்க வேண்டாம். தொடக்கத்தில் எல்லோரும் கவனமாக வாசிப்பார்கள், நடுவில் உரையாடல் நிறைய வரும் ஒரு அத்தியாயத்தைத் திறந்து சில நிமிடங்கள் கேட்டால் உண்மை தெரிந்துவிடும். குரல் பிடித்துவிட்டதா, அந்த வாசிப்பாளரின் பெயரை அழுத்துங்கள், அவர் வாசித்த எல்லாம் வரிசையாக வரும். அவர் வாசித்திருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக, பெயரே கேள்விப்படாத எழுத்தாளர்களின் நூல்களைத் திறந்திருக்கிறேன். நல்ல வாசிப்பாளருக்குப் பெரும்பாலும் நல்ல ரசனையும் இருக்கிறது, தனக்குப் பிடித்ததைத்தானே சம்பளமில்லாமல் மணிக்கணக்கில் உட்கார்ந்து வாசிப்பார்.

ஆங்கிலம் சுமார் என்றீர்கள். பழைய நூல்களில் இதற்கு ஒரு வசதி உண்டு, மூலப் பிரதியும் இலவசமாகவே கிடைக்கிறது. கண்ணுக்கு ஓய்வு வேண்டும் என்பதால் முழுவதும் படிக்க வேண்டாம், முதல் அத்தியாயத்துக்கு மட்டும் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு கூடவே கேளுங்கள். பாத்திரங்களின் பெயரும் ஊர்ப்பெயரும் காதில் பதிந்துவிட்டால் பாதிச் சிரமம் போய்விடும். வேகத்தை 0.8 என்று குறைத்து வைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்புறம், டேட்டா கவலை இருந்தால், வழக்கமான 128 கேபிபிஎஸ் கோப்பு (ஒரு நொடி ஒலிக்கு எவ்வளவு டேட்டா என்ற அளவு அது) மணிக்குச் சுமார் 58 எம்பி எடுக்கும். இன்டர்நெட் ஆர்க்கைவில் அதே பதிவு 64 கேபிபிஎஸ் அளவிலும் இருக்கும், பாதி இடம்தான் பிடிக்கும், பேச்சுக் குரலுக்கு அது தாராளம்.

புதிய கதைகள் வேண்டும் என்றால் எழுத்தாளர்களே கொடுப்பவற்றுக்குப் போக வேண்டும். இதுவும் 2005-இல் சூடு பிடித்ததுதான். ஸ்காட் சிக்லர் தன் ‘எர்த்கோர்’ நாவலை அந்த ஆண்டு தானே வாசித்து வாராவாரம் இலவச பாட்காஸ்டாக வெளியிட்டார். கேட்பவர்கள் பெருகினார்கள், சில ஆண்டுகளில் பெரிய பதிப்பகம் ஒன்று அவருடைய நாவல்களை அச்சில் கொண்டுவந்தது. அதே காலத்தில் இப்படித் தொடராக வரும் ஒலி நாவல்களுக்கென்றே பாடியோபுக்ஸ் என்ற தளம் இருந்தது, கேட்டவர்கள் விரும்பினால் நன்கொடை கொடுக்கலாம். இன்று அந்தத் தளம் பழைய வடிவில் இல்லை, வழக்கம் மட்டும் தொடர்கிறது.

ஆனால் உங்களுக்கு நான் முதலில் சொல்வது சிறுகதைகளைத்தான். எஸ்கேப் பாட் 2005 முதல் அறிவியல் புனைகதைகளை வாசித்து வெளியிடுகிறது, அதன் கூடப்பிறந்தவை சூடோபாட் திகில் கதைகளுக்கும் பாட்கேசில் மாயப் புனைவுகளுக்கும். கேட்பது இலவசம், எழுத்தாளருக்கு அவர்கள் பணம் கொடுக்கிறார்கள், அந்தப் பணம் கேட்பவர்களின் நன்கொடையில் வருகிறது. பெரும்பாலும் ஒரு கதை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், பிடிக்காவிட்டால் அடுத்தது. கிளார்க்ஸ்வேர்ல்ட் போன்ற இணைய இதழ்களும் கதையை எழுத்தாகவும் குரலாகவும் தருகின்றன, அங்கேயும் நீங்கள் காதையும் கண்ணையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம்.

நாடக பாட்காஸ்ட் ஏன் புரியவில்லை? எந்த எபிசோடைப் போட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, பெரும்பாலும் புதிதாக வந்ததைத்தான் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். செயலிகள் பல புதியதை மேலே வைக்கும், செய்திக்கும் பேட்டிக்கும் அது சரி. தொடர்கதையில் நாற்பதாவது எபிசோடில் நுழைந்தால் யாருக்கும் புரியாது. பட்டியலின் அடிவரை போய் முதல் எபிசோடிலிருந்து கேளுங்கள். பல குரல்கள் உள்ள நாடகத்தை இரண்டு காதிலும் இயர்போன் வைத்துக் கேட்டால் ஒருவர் இடப்பக்கமும் இன்னொருவர் வலப்பக்கமும் நிற்பது தெரியும், ஃபோன் ஸ்பீக்கரில் எல்லாம் ஒன்றாகக் குழம்பிவிடும். இதைவிட முக்கியம், தொடக்கத்திலேயே பத்துப் பேர் நடிக்கும் நாடகத்துக்குப் போகாதீர்கள். ‘வெல்கம் டு நைட் வேல்’ ஜோசப் ஃபிங்க், ஜெஃப்ரி கிரேனர் இருவரும் 2012-இல் தொடங்கியது, பாலைவனத்தில் உள்ள கற்பனை ஊரின் வானொலி அறிவிப்பாளர் விசித்திரமான செய்திகளைச் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே போவார், பெரும்பாலும் செசில் பால்ட்வினின் ஒரே குரல்தான். ‘தி மேக்னஸ் ஆர்க்கைவ்ஸ்’ 2016 முதல் 2021 வரை 200 எபிசோட்கள். ஜோனதன் சிம்ஸ் எழுதி அவரே பிரதானக் குரலும் கொடுத்தது. ஆவணக் காப்பகத்தில் ஒருவர் பிறருடைய திகில் வாக்குமூலங்களை வாசிப்பார், தனித்தனிக் கதைகள் என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருப்போம், எங்கோ ஒரு பெயர் திரும்ப வரும், அப்போது நிமிர்ந்து உட்காருவோம். இரண்டுக்கும் எழுத்து வடிவம் இணையத்தில் உண்டு, உங்களைப் போல ஆங்கிலத்தில் தடுமாறுபவர்களுக்குப் பெரிய உதவி. அதன் பிறகு ‘வுல்ஃப் 359’ கேளுங்கள், விண்வெளி நிலையத்தில் சிலர் மட்டும், வேடிக்கையாகத் தொடங்கி நெஞ்சைப் பிடிக்கும் இடத்துக்குப் போகும். 2017-இல் முடிந்துவிட்டது. கடைசி இரண்டையும் முடிந்த தொடர்களாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சுயாதீனமாகச் செய்பவர்கள் வேலை, குடும்பம், பணமின்மை என்று பாதியில் நிறுத்திவிடுவது சகஜம், அதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் புதிதாகக் கேட்க வருபவருக்கு அந்த ஏமாற்றம் வேண்டாம்.

இப்போது அந்தக் கடைசி அரை நிமிடம். நல்லதை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டீர்களே, என் பதில் அதுதான். டாப் 10 பட்டியல்களில் விளம்பரத்துக்குப் பணம் உள்ளவர்களே அதிகம் இருப்பார்கள். பிடித்த ஒரு தொடரின் முடிவில் வரும் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள், அந்த நடிகர் வேறு எதில் குரல் கொடுத்திருக்கிறார், அந்த ஒலி அமைப்பாளர் வேறு எதற்கு வேலை செய்திருக்கிறார் என்று தேடுங்கள். இந்தத் துறை சின்னது. ஒருவர் எழுதுவதில் இன்னொருவர் நடிப்பார், அவருடைய தொடரில் இவர் ஒரு எபிசோட் எழுதுவார், ஒருவர் தன் தொடரின் முடிவில் இன்னொருவர் தொடரின் முன்னோட்டத்தைப் போட்டுக்கொடுப்பார். எந்தச் செயலியின் பரிந்துரையும் இவ்வளவு சரியாக அமைந்து நான் பார்த்ததில்லை.

ஒரு எச்சரிக்கை. இப்போது கணினிக் குரலில் வாசிக்கப்பட்ட நூல்கள் இலவசமாகக் குவிகின்றன. எல்லாமே மோசம் இல்லை. 2023-இல் புராஜெக்ட் குட்டன்பர்க், மைக்ரோசாஃப்டுடனும் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்துடனும் சேர்ந்து சுமார் 5,000 நூல்களை அப்படி வெளியிட்டது, கணினிக் குரல் என்று சொல்லியே வெளியிட்டது. ஒரு கட்டுரையை, வரலாற்று நூலை அப்படிக் கேட்பதில் எனக்குத் தடை இல்லை. நாவலை என்னால் முடியவில்லை. சாவு நடக்கும் பக்கத்தையும் கடிதம் வரும் பக்கத்தையும் அது ஒரே அக்கறையோடு வாசிக்கிறது. தடுமாறி வாசிக்கும் தன்னார்வலருக்குக் கூடத் தான் வாசிக்கும் வரியில் என்ன நடக்கிறது என்று தெரியும், அது குரலில் வந்துவிடும். எப்படியானாலும், கணினிக் குரல் என்பதை மறைத்து ஏற்றும் சேனல்களைத் தவிர்த்துவிடுங்கள்.

கடைசியாகப் பணம். பதிப்புரிமை முடிந்த நூலை ஒருவர் மனமுவந்து வாசித்துப் பொதுவில் வைத்தால் அதைக் கேட்பதில் யாருக்கும் இழப்பு இல்லை, தயங்காமல் கேளுங்கள். எஸ்கேப் பாட், மேக்னஸ் போன்றவை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், அதாவது சில நிபந்தனைகளோடு யாரும் பகிரலாம் என்ற பொது அனுமதியில் வருகின்றன, காசுக்கு விற்காத வரை நண்பர்களுக்கு அனுப்பவும் தடை இல்லை. எல்லோரும் கேட்க, சிலர் மட்டும் கொடுத்தால் போதும் என்று கணக்குப் போட்டுத்தான் இவர்கள் நடத்துகிறார்கள். படைப்பாளிக்கு மாதாமாதம் சிறு தொகை கொடுக்க உதவும் பேட்ரியான் போன்ற தளங்கள் அதற்குத்தான். முடியும்போது கொடுங்கள். முடியாவிட்டால் எந்த எபிசோடின் எந்த இடம் பிடித்தது என்று இரண்டு வரி மின்னஞ்சல் எழுதிப் போடுங்கள். கேட்டவர்களிடமிருந்து ஒரு வார்த்தை வராமல் மாதக்கணக்கில் வேலை செய்பவர்கள் இவர்களில் நிறையப் பேர். எனக்கு நீங்கள் இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறீர்கள், அவர்களுக்கும் எழுதலாம்.

எந்த நாவலை நடுவில் நிறுத்தினீர்கள் என்று சொல்லவில்லையே. பெயரை அனுப்புங்கள், தனி ஒருவர் வாசித்த பதிவு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.