சுருண்ட டி.என்.ஏ.வில் மரபணு விழித்திருப்பது எப்படி?

கேள்வி: உயிரணுவின் உட்கருவில் டி.என்.ஏ. புரதங்களின் மேல் இறுகச் சுற்றப்பட்டிருக்கிறது என்று படித்தேன். அப்படியிருக்க, அதிலுள்ள சில மரபணுக்கள் மட்டும் எவ்வாறு தொடர்ந்து செயல்படுகின்றன?

பதில்: மனித உயிரணு ஒன்றில் உள்ள ஏறத்தாழ 2 மீட்டர் டி.என்.ஏ., 8 ஹிஸ்டோன் புரதங்கள் சேர்ந்த உருளைகளின் மேல் சுற்றப்பட்டிருக்கிறது. ஓர் உருளையைச் சுற்றும் துண்டின் நீளம் சுமார் 147 கார இணைகள் (டி.என்.ஏ. ஏணியின் படிகள்), இவ்வமைப்பே நியூக்ளியோசோம். மரபணுவைப் படியெடுக்கும் நொதி, சுற்றிய பகுதியை எளிதில் அணுக முடியாது என்பதால், யாரேனும் வழிதிறந்து கொடுத்தாக வேண்டும்.

டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட வரிசையைத் தேடிப் பிணையும் புரதங்களே அதைச் செய்கின்றன. அவற்றுள் பல, சுற்றிய டி.என்.ஏ.வில் நன்றாகப் பிணைவதில்லை. கல்லீரல் உருவாக்கத்தில் பங்குபெறும் ஃபாக்ஸ்-ஏ போன்ற 'முன்னோடிப் புரதங்கள்' மட்டும் நியூக்ளியோசோமின் மேலேயே பிணைந்து, பிறவற்றுக்கு இடம் ஏற்படுத்துகின்றன. தொடர்ந்து வரும் புரதக் கூட்டங்களுள் சில, உயிரணுவின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யைச் செலவிட்டு நியூக்ளியோசோமை நகர்த்துகின்றன. பி300 போன்ற நொதிகள் ஹிஸ்டோனில் உள்ள லைசின் என்னும் அமினோ அமிலத்தில் அசெட்டைல் என்னும் சிறு வேதிக் குழுவை ஏற்றுகின்றன. அப்போது லைசினின் நேர்மின்சுமை மறைவதால், எதிர்மின்சுமையுள்ள டி.என்.ஏ.வின் மீது அதன் பிடி தளர்கிறது.

என்னை மிகவும் வியக்க வைப்பது இதற்கு அடுத்த கட்டம். அசெட்டைல் குழுவை அகற்றும் நொதிகளும் ஓயாமல் இயங்குகின்றன. பிணையும் புரதங்களோ பெரும்பாலும் சில விநாடிகளே தங்கி விலகுகின்றன. ஒன்று விலக மற்றொன்று வந்தமர்வதால்தான் அந்த இடம் திறந்தே இருக்கிறது. எனவே, மரபணு ஒருமுறை திறக்கப்பட்டால் போதும் என்று எண்ணுவது தவறு.

அக்கம்பக்கத்தின் செல்வாக்கும் உண்டு. எக்ஸ் கதிர் பாய்ச்சப்பட்ட பழ ஈக்கள் சிலவற்றின் கண்களில் சிவப்பும் வெள்ளையும் திட்டுத்திட்டாகக் கலந்திருந்ததை மரபியலாளர் ஹெர்மன் முல்லர் 1930இல் விவரித்தார். சிவப்பு நிறத்துக்கு வேண்டிய மரபணு சிதையவில்லை. குரோமோசோம் உடைந்து மாறி ஒட்டியதில், அது இறுகிய குரோமேட்டினின் (டி.என்.ஏ.வும் ஹிஸ்டோன்களும் சேர்ந்த அமைப்பு) அருகே போய்ச் சேர்ந்திருந்தது. அந்த இறுக்கம் சில உயிரணுக்களில் மரபணுவரை பரவி அதை முடக்கியது, சிலவற்றில் பரவவில்லை.

இவ்வாறு பரவுவதைத் தடுக்கும் எல்லைகளும் இயற்கையில் உள்ளன. கோழியின் பீட்டா குளோபின் (ஹீமோகுளோபினின் ஒரு பகுதியான புரதம்) மரபணுத் தொகுதியின் ஓரத்தில் யு.எஸ்.எஃப். என்னும் புரதங்கள் பிணைந்து, மரபணு செயல்படும் நிலைக்குரிய வேதிக் குறிகளை ஹிஸ்டோன்களில் இடும் நொதிகளை அங்கே வரவழைக்கின்றன. அண்டையிலிருந்து நெருங்கும் இறுக்கம் அவ்விடத்தோடு நின்றுவிடுகிறது.